வெள்ளியில் பெய்யாத மழை

ஒரு சிறுகதையைக் கேட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதைத் தேடத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள். தலைப்புத் தெரியாது, எழுதியவர் பெயர் தெரியாது, எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதும் தெரியாது. கதை மட்டும் தெரியும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைதான் இத்தனை காலமும் என்னைத் தவறான திசையில் நடத்தியிருக்கிறது என்பது சென்ற ஆண்டுதான் புரிந்தது. இலக்கிய நண்பர்கள் சிலரிடம் இதை வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன். எழுதி வைப்பது நல்லது என்று அவர்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

முதலில், என் நினைவில் இருந்த கதை.

வெள்ளிக் கிரகத்தில் மனிதர்கள் குடியேறியிருக்கிறார்கள். அங்கே மழை பெய்வதில்லை. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாழிகை மட்டும் பெய்யும். அங்கே ஒரு பள்ளிக்கூடம். ஒன்பது வயதுப் பிள்ளைகள். போன மழையின்போது அவர்களுக்கு இரண்டு வயது என்பதால் யாருக்கும் மழை நினைவில்லை. ஒரு பெண் மட்டும் பூமியிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தவள், காவிரிக்கரை ஊர்க்காரி. அவளுக்கு மழை தெரியும். வானத்துக்கும் மண்ணுக்கும் பாவு போட்டதுபோல இருக்கும் என்கிறாள். மற்றவர்கள் நம்பவில்லை. தங்களிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. மழை வரும் நாளன்று அவளைக் குதிர் வைத்திருக்கும் இருட்டறைக்குள் தள்ளித் தாழிடுகிறார்கள். மழை வருகிறது. எல்லோரும் வெளியே ஓடி ஆடுகிறார்கள். மழை நின்ற பிறகே அவள் நினைவு வருகிறது. கதவைத் திறக்கிறார்கள். அவள் ஒன்றும் பேசாமல் கையை நீட்டுகிறாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் நனைந்த சட்டையை அவள் உள்ளங்கையில் பிழிந்துவிடுகிறார்கள்.

அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் நான் தேடினேன். பல நூறு சிறுகதைகளைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த உள்ளங்கையைப் போல வேறெதுவும் என்னோடு தங்கவில்லை.

கதையைச் சொன்னவள் என் பெரியம்மாவின் மகள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மேச்சேரியில் எங்கள் இரு வீடுகளுக்கும் பொதுவாக ஒரு நீண்ட திண்ணை இருந்தது. சேலத்திலிருந்த மகளிர் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த அக்கா, மாலையில் பேருந்தைவிட்டு இறங்கி வந்ததும் தெருப்பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் பாடம் சொல்வாள். மின்சாரம் போய்விட்டால் பாடம் நின்று கதை தொடங்கும். மின்சாரம் போக வேண்டுமென்று நாங்கள் பத்ரகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டதுண்டு.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேச்சேரி செம்மண் பூமி. சோளம், கம்பு, நிலக்கடலை; மழையை நம்பிய வெள்ளாமை. தோலுக்குப் பெயர்பெற்ற மேச்சேரிச் செம்மறி ஆடு இந்தக் காய்ந்த நிலத்தில் மேய்ந்து உருவான இனம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை எங்களுக்குக் கூப்பிடு தொலைவு என்றே சொல்லலாம். ஆனால் அங்கே தேங்கும் காவிரி தஞ்சைக்கானது. கடல்போன்ற நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடத்தோடு கிணற்றடியில் காத்திருந்தவர்கள் நாங்கள். அக்கா இந்தக் கதையைச் சொன்ன கோடையில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பாறை தெரிந்தது. மழைக்காக ஏழாண்டு காத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

முதுகலைத் தமிழ் படிக்கும்போது அறிவியல் புனைகதை குறித்து ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இந்தக் கதையை மேற்கோள் காட்ட விரும்பினேன். தேடல் அப்படித் தொடங்கியது.

காவிரிக்கரைப் பெண், குதிர், தறிப்பாவு என்று வருவதால் இது தமிழ்க் கதையே என்று முடிவுசெய்தேன். தமிழில் அறிவியல் கதை என்றதும் எவரும் முதலில் போவது சுஜாதாவிடம். ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' தொடங்கி, அவருடைய விஞ்ஞானச் சிறுகதைகளில் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். அவர் கதைகளில் இயந்திரங்கள் வரும், கிண்டல் வரும், ஸ்ரீரங்கத்துக் காவிரியும் வரும். உள்ளங்கையில் சட்டையைப் பிழியும் பிள்ளைகள் வரவில்லை.

பிறகு மொழிபெயர்ப்பாக இருக்கலாம் என்று தோன்றியது. 1947இல் தொடங்கி, பிறமொழிப் படைப்புகளைத் திரட்டித் தந்த 'மஞ்சரி' இதழ்களின் பழைய கட்டுகளைப் புரட்டினேன். அறிவியலைத் தமிழில் எழுதுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த பெ. நா. அப்புசுவாமியின் நூல்களைப் பார்த்தேன். சோவியத் நாட்டிலிருந்து மலிவு விலையில் வந்த தமிழ் நூல்களைச் சேலத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். ஒருமுறை சென்னை சென்றபோது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். தேடியது கிடைக்கவில்லை, தேடாதவை ஏராளமாகக் கிடைத்தன. இத்தகைய தேடல்களின் லாபம் அதுதான்.

இடையில் அக்காவிடமே ஒருமுறை கேட்டேன். ஒரு திருமண வீட்டில், பந்தி பரிமாறும் அவசரத்தில். "ஏதோ புஸ்தகத்துல படிச்சது கண்ணு, யாருக்கு நெனப்பிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியோடு நகர்ந்துவிட்டாள். அவளுக்கே நினைவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நான் கேட்ட இடமும் நேரமும் அப்படி என்பது அப்போது உறைக்கவில்லை.

இணையம் வந்த பிறகு ஆங்கிலக் கதைகளின் பக்கம் திரும்பினேன். அரிதாக நிகழும் ஒரு வானியல் நிகழ்வு என்று தேடியபோது ஐசக் அசிமோவின் 'நைட்ஃபால்' கிடைத்தது. 1941இல் வெளிவந்த கதை. ஆறு சூரியன்கள் உள்ள ஓர் உலகம். 2049 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அங்கே இருள் வரும். அன்று முதன்முதலாக விண்மீன்களைக் கண்ட மக்கள் பித்தேறிப்போகிறார்கள். அபாரமான கதை, ஆனால் என் கதை அல்ல.

பிறகு ரே பிராட்பரியின் 'தி இல்லஸ்ட்ரேட்டட் மேன்' தொகுப்பைப் படித்தேன். அதில் வெள்ளிக் கிரகத்தைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. ஓயாத மழையில் சில விண்வெளி வீரர்கள் நடந்து நடந்து மனம் சிதைகிறார்கள். நான் தேடுவது மழையே இல்லாத வெள்ளி. இது மழை நிற்காத வெள்ளி. நேர் எதிரானது என்று புத்தகத்தை மூடிவைத்தேன். விடைக்கு அத்தனை அருகில் சென்று திரும்பியிருக்கிறேன்.

*

சென்ற ஆண்டு, தேர்வுத் தாள் திருத்தும் முகாமில் பக்கத்து மேசையில் ஆங்கிலத்துறைப் பேராசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். தேநீர் இடைவேளையில் பேச்சு கதைகளின் பக்கம் போயிற்று. வழக்கம்போல என் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் ஒரு பெண்ணை அறையில் பூட்டிவிட்டு மறந்துபோகிறார்கள் என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"சார், அது மழை இல்லை. வெயில்."

அவ்வளவுதான். இருபத்தைந்து ஆண்டுத் தேடல் ஒரு குவளை தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

கதை ரே பிராட்பரியுடையது. 'ஆல் சம்மர் இன் எ டே'. ஒரே நாளில் ஒரு கோடை முழுவதும் என்று சொல்லலாம். 1954இல் ஓர் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில் வெளிவந்தது. அன்றிரவே படித்தேன்.

பிராட்பரியின் வெள்ளியில் ஓயாமல் மழை பெய்கிறது. ஏழாண்டுகளுக்கு ஒருமுறை மிகக் குறுகிய நேரம் மழை நின்று சூரியன் முகம் காட்டும். மார்கோ என்ற பெண் ஐந்தாண்டுகளுக்கு முன் பூமியிலிருந்து, ஒஹையோ மாநிலத்திலிருந்து வந்தவள். அவளுக்குச் சூரியன் நினைவிருக்கிறது. அதை ஒரு செப்புக்காசுக்கு ஒப்பிடுகிறாள். மற்ற பிள்ளைகள் அவளைப் பொய்க்காரி என்கிறார்கள். சூரியன் வரும் நாளன்று அவளை ஓர் உள்ளறையில் பூட்டுகிறார்கள். வெயிலில் ஓடி விளையாடுகிறார்கள். ஒரு சிறுமியின் உள்ளங்கையில் முதல் மழைத்துளி விழுகிறது. அவள் அழத் தொடங்குகிறாள். திரும்பி வந்து, மழையின் இரைச்சலுக்கு நடுவே, தலைகுனிந்தபடி நடந்து சென்று கதவைத் திறந்து மார்கோவை வெளியே விடுகிறார்கள்.

அத்துடன் கதை முடிந்துவிடுகிறது.

பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன். எதுவும் விடுபடவில்லை. கை நீட்டும் பெண் இல்லை. சட்டை பிழியும் பிள்ளைகள் இல்லை. மழை ஓயாத உலகில் யார் எதைப் பிழிந்து கொடுக்க முடியும்? எந்தக் காட்சிக்காக நான் தேடினேனோ அந்தக் காட்சி மூலத்தில் இல்லை. கண்டெடுத்த மகிழ்ச்சியைவிடப் பறிகொடுத்த உணர்வே அன்று மிகுந்திருந்தது.

*

முதலில் பழியை என் நினைவின்மேல் போட்டேன். வறண்ட ஊரில் வளர்ந்த சிறுவனின் மனம் வெயிலை மழையாக மாற்றிக்கொண்டது என்று ஒரு விளக்கம். கேட்க நன்றாகவும் இருந்தது. ஆனால் மாற்றம் அத்தனை சீராக இருந்ததுதான் உறுத்தியது. மறதி கதையைச் சிதைக்கும். இப்படி ஒழுங்காகத் திருப்பித் தைக்காது.

எங்கள் பாடத்தின் மொழியில் சொன்னால், முதற்பொருள் மாறியிருக்கிறது. அதாவது நிலமும் பொழுதும். கருப்பொருளும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. செப்புக்காசு போய்த் தறிப்பாவு வந்திருக்கிறது. உரிப்பொருள் மட்டும் மாறவில்லை. தொல்காப்பியர் வழிநூலை நான்காகப் பகுக்கும்போது மொழிபெயர்ப்பையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறார். வழிவழியாக ஆசிரியர்கள் இங்கே செய்துவந்தது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதன்று, நிலத்தையே பெயர்த்து நடுவது. இது அத்தகைய கை. பதினொரு வயதுச் சிறுவனுடைய மறதியின் கை அல்ல.

இன்னொன்றும் என்னை வியப்பில் ஆழ்த்தியது. பிராட்பரி எழுதிய காலத்தில் வெள்ளியின் தரையை எவரும் கண்டதில்லை. அடர்ந்த மேகம் அதை முழுவதும் மூடியிருக்கிறது. மேகம் இருந்தால் மழை இருக்கும், மழை இருந்தால் சதுப்பும் காடும் இருக்கும் என்று அறிவியலாளர் சிலரே நம்பினார்கள். 1962 டிசம்பரில் மாரினர் 2 விண்கலம் அருகே சென்று பார்த்து, அது கொதிக்கும் உலகம் என்று உறுதிசெய்தது. 1970இல் வெனேரா 7 தரையிறங்கியது. 1975இல் வெனேரா 9 தரையின் முதல் படத்தை அனுப்பியது. உடைந்த பாறைகள். வெப்பம் ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ். காற்றின் அழுத்தம் பூமியைப்போல ஏறத்தாழத் தொண்ணூறு மடங்கு. மேகங்களோ கந்தக அமிலத்தால் ஆனவை. அவற்றிலிருந்து விழும் துளிகள் தரையைத் தொடுவதற்கு முன்பே வெப்பத்தில் ஆவியாகிவிடுகின்றன. ஆக, வெள்ளியின் மண்ணில் ஒரு சொட்டு மழையும் விழுவதில்லை. திண்ணையில் கேட்ட கதையே மூலத்தைவிட உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறது.

தமிழ் படித்தவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். சங்கப் பாடல்களில் வெள்ளி மழையோடு தொடர்புடைய கோள். அது தெற்கே சாய்ந்தால் வானம் பொய்க்கும் என்பது பழைய நம்பிக்கை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையைத் தொடங்குவதே அந்த அச்சத்திலிருந்துதான். வெள்ளி திசைமாறித் தெற்கே போனாலும், வானமே பொய்த்தாலும், காவிரி பொய்க்காது என்கிறார். ஆண்டுதோறும் வகுப்பில் அதை நடத்துகிறேன். மழையில்லாத வெள்ளியும் காவிரிக்கரைப் பெண்ணும் ஒரே கதையில் இருப்பதை ஆங்கில நூல்களில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

*

கதையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். இந்த முறை திருமண வீடு அல்ல, பந்தி இல்லை, வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பத்தியைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"மார்கோ."

அந்தப் பெயர் நான் அவளிடம் சொன்னதில்லை.

கல்லூரி நூலகத்தில் இருந்த ஒரு தடித்த கதைத் தொகுப்பில் படித்ததாகச் சொன்னாள். வெயிலை ஏன் மழையாக மாற்றினாய் என்று கேட்டேன்.

"பின்ன என்ன பண்றது? வெயிலுக்கு ஏங்கற புள்ளைன்னு சொன்னா நீங்கெல்லாம் சிரிச்சிருப்பீங்க. அந்த வருசம் வெயிலப் பாத்தாலே எல்லாருக்கும் வயிறு எரிஞ்சுது."

"அந்தக் கடைசி? சட்டையப் பிழியறது?"

"அது நான் போட்டது தம்பி. கதவு தொறந்துச்சு, கதை முடிஞ்சுதுன்னு சொன்னா எப்படி? இருட்டுல உக்காந்து கேக்கற புள்ளைங்க. கையில ஏதாவது குடுத்து அனுப்ப வேண்டாமா?"

மிகச் சாதாரணமாகச் சொன்னாள். நான் பதில் பேசவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக எந்தப் பேராசிரியரிடமிருந்தும் எந்த எழுத்தாளரிடமிருந்தும் நான் பெறாத ஒன்றை, மின்சாரம் வருவதற்குள் முடிக்க வேண்டுமென்ற அவசரத்தில் அவள் உருவாக்கியிருக்கிறாள். அதை வேறு யாரோ ஒருவருடைய பெயரின் கீழ்த் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பெயர் எனக்குத் தோன்றவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இளங்கலை முடித்த ஆண்டே அக்காவுக்குத் திருமணம். முதுகலைக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருந்தாள். அது மாடக்குழியில் வெற்றிலைத் தட்டுக்கு அடியில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரும் அவளைப் படிக்கக் கூடாது என்று தடுத்ததாக எனக்கு நினைவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பந்தல் போட்டார்கள், விண்ணப்பத்தின் கடைசி நாள் எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. நானும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பந்தலுக்குள் ஓடியாடினேன். அதே திண்ணையில் அவளிடம் பாடம் கேட்ட நான்தான் பிறகு முதுகலை படித்தேன், கல்லூரிக்குப் போனேன், கதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். பிராட்பரியின் பிள்ளைகள் கதவைத் திறக்கப் போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நடக்கும் இடத்தைப் படித்த இரவில் இதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

அதை அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் படிக்கத் தொடங்கிவிட்டிருந்தாள். சில சொற்களில் விரலை வைத்து நின்றாள். எதையும் என்னிடம் கேட்கவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று. கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்தாளு கதவத் தொறந்ததோட நிறுத்திட்டாரு பாரு. அதுதான் சரி. நான் பயந்துக்கிட்டுச் சட்டையப் பிழிஞ்சு விட்டுட்டேன்."

"எனக்கு உன் முடிவுதான்க்கா பிடிச்சிருக்கு."

"உனக்குப் பிடிக்கும். நீ வெளிய நனஞ்சவன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அவள் எப்போதோ யோசித்து முடித்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. எழுந்து போய்க் காபி கலந்துகொண்டு வந்தாள். அதன்பிறகு பேரப்பிள்ளையின் பள்ளியைப் பற்றிப் பேசினோம்.

*

இந்த ஆண்டு வகுப்பில் இரண்டு கதைகளையும் சொன்னேன். முதலில் திண்ணைக் கதை, பிறகு பிராட்பரி. எது சிறந்தது என்று மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதிட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "ஐயா, ரெண்டாவது கதையில அந்தப் பொண்ணு வெளிய வந்ததும் என்ன செஞ்சிருப்பா?" என்று கேட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அக்காவும் அந்த நூலகத்தில் இதே கேள்வியில்தான் நின்றிருக்க வேண்டும்.

பாதி நினைவில் தங்கிய ஒரு கதையைத் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்கள் உங்களில் இருப்பீர்கள். நூலகங்களுக்குப் போகும் முன், அதை உங்களுக்குச் சொன்னவர் உயிரோடிருந்தால் அவரிடம் போங்கள். பந்தியில் நிறுத்திக் கேட்காதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

என் குறிப்பேட்டில் 'மழை இல்லாத வெள்ளி - ஆசிரியர்?' என்று எழுதி, கேள்விக்குறியோடு ஒரு பக்கம் இத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்தது. அதில் ரே பிராட்பரி, 1954 என்று எழுதினேன். அதற்குக் கீழே, மேச்சேரி வடிவம் என்று எழுதி அக்காவின் பெயரையும் எழுதினேன். இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயரைச் சேர்க்க விரும்பி அனுமதி கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் கண்ணு, கதை போதும்" என்று சொல்லிவிட்டாள்.